நடவுப் பெண்களும் ரத்தசோகையும்

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய பேச்சு)



கரும்பில் குருத்து வெளுத்துப் போனால் நாம் சும்மா இருப்பதில்லை. நிலக்கடலை மஞ்சளித்தால் இரண்டு நாள் பொறுப்பதில்லை. இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் ஓடுகிறோம். அவர் பார்த்துவிட்டு, "இது இரும்புச் சத்துக் குறைங்க, அன்னபேதியைக் கரைச்சுத் தெளிங்க" என்கிறார். அன்றைக்கே வாங்கித் தெளிக்கிறோம். பத்து நாளில் பயிர் பச்சை கட்டுகிறது. இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்த வயலில் குனிந்து நாற்று நடுகிற பெண்ணைப் பற்றி. அவளுக்கும் அதே இரும்புச் சத்துதான் குறைவு. வெளுத்துப் போனது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் வீட்டுப் பெண்ணின் கீழ் இமையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளரிப் பிஞ்சின் உள்பக்கம் மாதிரி வெளுத்திருந்தால் அது ரத்தசோகை. நாக்கும் நகமும் அப்படியே வெளுத்திருக்கும்.

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு. நாலு பேர் வரிசையாக நின்று நடுகிறார்கள் என்றால், அதில் இரண்டு பேர் ரத்தம் போதாமல் நடுகிறார்கள். கூலி வேலையையே நம்பியிருக்கிற குடும்பங்களில், ஊருக்குக் கடைசியில் இருக்கிற காலனித் தெருவில், இந்தக் கணக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அங்கே தட்டில் விழுவது சோறும் குழம்பும்தான். கறியும் முட்டையும் அபூர்வம்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையை நீக்க மத்திய அரசு 1970-ஆம் ஆண்டிலேயே மாத்திரைத் திட்டம் தொடங்கிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக மாத்திரை வந்துகொண்டே இருக்கிறது. விலை கிடையாது. துணை சுகாதார நிலையத்துக்கு வருகிறது, அங்கிருந்து வீட்டுக்கும் போகிறது. அப்படியும் பாதிப் பெண்களுக்கு ரத்தம் இல்லை. ஏன்? கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், சொல்வார். குடிசைக் கூரையில் செருகியும், அரிசிப் பானைக்குப் பின்னாலும், பவுடர் டப்பாவிலும் மாத்திரை அட்டைகள் அப்படியே இருக்கின்றன. கொடுத்த மாத்திரை வாய்க்குள் போகவில்லை.

அது ஏன் போகவில்லை என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகப் பார்ப்போம். பெண்கள் சோம்பேறித்தனத்தால் சாப்பிடவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் காரணம் பயம். "இரும்பு மாத்திரை சாப்பிட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்" என்கிற பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. பிள்ளையின் நிறம் தாய் தகப்பன் வழியில் வருவது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அது உண்மை. உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி இரும்பு வெளியே வருகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கதை கிளம்பியிருக்க வேண்டும். இன்னொரு பேச்சு, "பிள்ளை பெருத்துடும், பிரசவம் கஷ்டமாயிடும்" என்பது. ஆபரேஷன் பயம். இதுவும் சரியல்ல. பிள்ளை எடை குறைந்து, இரண்டரைக் கிலோவுக்கும் கீழே பிறப்பதுதான் ஆபத்து. சோகை உள்ள தாய்க்கு அப்படிப் பிறக்கிற வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மாமியார். மாமியார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "நாங்கெல்லாம் மாத்திரை தின்னா பெத்தோம்?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருமகள் அட்டையை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். அந்தக் காலத்தில் மாத்திரை இல்லாமலே பெற்றவர்கள் உண்டு; பெறும்போதே போனவர்களும் உண்டு. பிழைத்தவர்கள்தானே இன்றைக்கு உட்கார்ந்து கதை சொல்ல முடியும்? மாமியாரே இரவில் ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையை எடுத்துக் கொடுக்கிற வீட்டில் ஒன்றுகூட மிச்சமாகாது.

மூன்றாவது காரணம் குமட்டல். இது பொய்யில்லை. சில பேருக்கு வயிற்றைப் பிரட்டும், சிலருக்கு மலச்சிக்கல் வரும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் குனிந்து நடவு நட்டால் குமட்டாமல் என்ன செய்யும்? அதனால்தான் இரவு சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது போடச் சொல்கிறார்கள். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரம்தான் தொந்தரவு. பிறகு உடம்பு பழகிவிடும். தண்ணீர் நிறையக் குடித்து, கீரையும் வாழைத்தண்டும் சேர்த்துக்கொண்டால் மலச்சிக்கலும் குறையும். அப்படியும் தாங்கவில்லையென்றால் செவிலியரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு மூன்று மாதம் முடிந்ததும் தினம் ஒரு சிவப்பு மாத்திரை, குறைந்தது 180 நாள். பிள்ளை பிறந்த பிறகும் ஒரு 180 நாள். சோதித்துப் பார்த்து ரத்தம் குறைவாக இருந்தால் தினம் இரண்டு என்று சொல்வார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறையக் கூடாது. 7-க்குக் கீழே போனால் அது கடுமையான சோகை; மாத்திரையோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் ஏறும். ஏறவில்லை என்றால் வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். ஊசி மூலம் இரும்பு ஏற்றுகிற வசதியும் இருக்கிறது.

கர்ப்பிணிக்குக் கால்சியம் மாத்திரையும் கொடுப்பார்கள். அதையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்கக் கூடாது. ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது. கால்சியத்தைப் பகலில் சாப்பாட்டோடு, இரும்பை இரவில் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் எவ்வளவு இரும்பு தேவை தெரியுமா? ஏறக்குறைய ஒரு கிராம். ஒரே ஒரு கிராம்! தட்டான் தராசில் வைத்தால் ஒரு சின்ன மூக்குத்திக்குக் காணும். அந்த ஒரு கிராம் உடம்பில் சேராமல்தான் தாய்மார்கள் தள்ளாடுகிறார்கள். சோற்றில் இருந்து அது சேர்வது கஷ்டம். தீட்டிய அரிசியில் இரும்பு மிகவும் குறைவு. கீரையிலும் பயறிலும் இருப்பதிலும் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டுவது சிரமம். கறி, ஈரல், மீன், கருவாடு இவற்றில் இருக்கிற இரும்பு நன்றாக ஒட்டும். கம்பும் கொள்ளும் நல்லவை. கொள்ளை மாட்டுக்கு வேகவைத்துப் போட்டுவிட்டு நாம் வெறும் ரசச் சோறு சாப்பிடுகிறோம்! மாட்டுக்குப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் ஒரு கை வீட்டுக்கும் எடுத்து வையுங்கள்.

கீரையோ சுண்டலோ சாப்பிடும்போது ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால், ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொண்டால், ஒரு கொய்யா தின்றால், அந்த இரும்பு உடம்பில் கூடுதலாகச் சேரும். இதற்கு நேர் எதிரி ஒன்று இருக்கிறது. அதுதான் டீ.

இங்கேதான் விவசாயப் பெருமக்களே, நீங்கள் வருகிறீர்கள்.

நடவு நாளில் என்ன நடக்கிறது? பெண்கள் விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்து, தூக்குவாளியில் பழைய சோற்றை எடுத்துக்கொண்டு ஆறரை, ஏழு மணிக்கெல்லாம் வயலில் இறங்கிவிடுகிறார்கள். பாதிப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வெற்றிலையும் புகையிலையும் வாயில் போட்டு அடக்கிக்கொள்கிறார்கள். பசி தெரியாதாம். பத்து, பதினோரு மணிக்குக் கரையேறிச் சோறு சாப்பிடுகிறபோது, நீங்கள் அன்போடு டீயும் வடையும் வாங்கிவந்து கொடுக்கிறீர்கள். சாப்பாட்டோடு சாப்பாடாக அந்த டீ உள்ளே போகிறது. டீயில் இருக்கிற துவர்ப்புச் சத்து, சோற்றிலும் கீரையிலும் இருக்கிற கொஞ்ச நஞ்ச இரும்பையும் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியேற்றிவிடுகிறது. காப்பியும் அப்படித்தான்.

டீயே கொடுக்காதீர்கள் என்று சொன்னால் என்னை அடிக்க வருவார்கள். நடவுப் பெண்களே முதலில் வருவார்கள்! டீ கொடுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். வடைக்குப் பதில் கொள்ளுச் சுண்டலோ, கடலைச் சுண்டலோ, அவித்த வேர்க்கடலையோ கொடுத்துப் பாருங்கள். கூட நாலு எலுமிச்சம்பழம். செலவு ஒன்றும் கூடிவிடாது.

"இப்பல்லாம் ஆள் முன்ன மாதிரி வேலை செய்யறதில்லீங்க" என்று பல விவசாயிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி விடுகிற நடவில், பின்தங்குகிற பெண்ணை மற்ற பெண்களே ஏசுவார்கள். அவள் பின்தங்குவது மனசால் அல்ல. மூச்சுக் காற்றில் இருக்கிற பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்துபோவது ரத்தத்தில் இருக்கிற இரும்புதான். அது பாதியாகிவிட்டால் இதயம் இரட்டிப்பாக அடித்தாலும் கைகாலுக்குப் போதாது. குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும், படபடவென்று நெஞ்சு அடிக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இரும்புச் சத்து கொடுத்துப் பார்த்தார்கள்; பறிக்கிற கொழுந்தின் அளவு கூடியது. 1979-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. ஆகவே மாத்திரை கூலிக்காரப் பெண்ணுக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், பரிசோதனை நாள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி டாக்டர் பார்க்கிற திட்டமும் 2016-லிருந்து நடக்கிறது. அன்றைக்கு நடவுக்குப் போனால் கூலி. ஆஸ்பத்திரிக்குப் போனால் கூலி போச்சு. ஐந்து மாதக் கர்ப்பிணி எதைத் தேர்ந்தெடுப்பாள்? வீட்டில் அரிசி இல்லையென்றால் நடவுக்குத்தான் வருவாள். சொல்லிவிட்டுப் போனால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்களோ என்கிற பயம் வேறு. உங்கள் வயலுக்கு வருகிற பெண்களில் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பது நடவுக் கூட்டத்தைக் கூட்டிவருகிற அம்மாளுக்குத் தெரியும். அவரிடம், "செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும்மா, கூலியைப் பிடிக்க மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மாதம் ஒரு நாள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டம் இருக்கிறதல்லவா? 2018-ல் அந்த உதவியை 18,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதில் ஒரு பகுதி பணமாகவும், 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கொடுக்க ஏற்பாடு. இது கிடைக்க வேண்டுமானால் கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே செவிலியரிடம் பதிய வேண்டும், குறித்த நாளில் பரிசோதனைக்குப் போக வேண்டும். பரிசோதனைக்குப் போகாத பெண்ணுக்குப் பணமும் தள்ளிப்போகும். அந்தப் பெட்டகம் வந்தால் வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுக் காலிசெய்துவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆண்பிள்ளைகள் அதிலிருக்கிற பேரீச்சம்பழத்தைத் தொட வேண்டாம்.

இப்போது காலடியில் இருக்கிற ஒரு திருடனைப் பார்ப்போம். கொக்கிப்புழு. இது குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கிற புழு. ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது ஒரு துளிக்கும் குறைவுதான். நூறு, இருநூறு புழு சேர்ந்து, வருஷக்கணக்கில் குடித்தால்? நீங்கள் மாத்திரையைக் கொட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

இந்தப் புழு வாய் வழியாக வருவதைவிட அதிகம் கால் வழியாகத்தான் வருகிறது. வெளியே மலம் கழிக்கிற இடத்தில், ஈரமும் நிழலும் உள்ள மண்ணில், முட்டை பொரித்துக் குஞ்சுப்புழு ஆகிறது. வெறுங்காலோடு அதை மிதித்தால் விரல் இடுக்கு வழியாகத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுகிறது. அந்த இடம் அரிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். சேற்றில் இறங்கி நடும்போது செருப்பு போட முடியாது, அது எனக்கும் தெரியும். தண்ணீர் கட்டிய சேற்றைவிட ஆபத்தான இடம் மூங்கில் தோப்பும், வாய்க்கால் கரையும், ஒதுங்கப் போகிற கருவேலங்காடும்தான். அங்கே போகும்போது காலில் செருப்பு இருக்க வேண்டும். குழந்தைகளுக்கும் வேண்டும். திருவிழாவுக்கு மட்டும் போடுகிற செருப்பை ஆணியில் மாட்டி வைத்துப் பிரயோஜனம் இல்லை.

கக்கூஸ் கட்டிய வீடுகளில் அதைப் பயன்படுத்துங்கள். விறகு அடுக்குவதற்கும் உர மூட்டை போடுவதற்கும் அரசாங்கம் மானியம் கொடுக்கவில்லை. செப்டிக் டேங்க் கழிவை லாரியில் கொண்டுவந்து, "உரம்தாங்க, சும்மாவே கொட்டறேன்" என்று சொல்கிறவர்களையும் வயலுக்குள் விடாதீர்கள். அந்த வயலில் நாளைக்கு இறங்கப் போவது உங்கள் வீட்டுப் பெண்ணாகவும் இருக்கலாம்.

வயலுக்கு வருகிற பெண்களுக்கு ஒதுங்க மறைவான இடம் இல்லாததால், பல பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கர்ப்பிணிக்கு இதனால் நீர்த்தாரையில் புண் வந்து காய்ச்சலாகும். மோட்டார் கொட்டகைப் பக்கத்தில் நாலு கீற்றை வைத்து ஒரு மறைப்புக் கட்டி, ஒரு குழியும் வெட்டிக் கொடுத்தால், அது பெரிய உபகாரம்.

புழுவுக்கு மாத்திரை இருக்கிறது. பெயர் அல்பெண்டசோல். ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளிக்கூடத்திலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அரை மாத்திரை, அதற்கு மேல் முழு மாத்திரை. பெரிய பிள்ளைகள் கடித்து மென்று சாப்பிட வேண்டும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக் கிடைக்காமல் போய்விடுகிறது. எந்தப் பிள்ளை அன்றைக்குப் போகாது? ஆடு மேய்க்கிற பிள்ளை, தம்பியைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை. எந்தப் பிள்ளைக்கு ரொம்ப வேண்டுமோ அதற்குத்தான் கிடைப்பதில்லை. விட்டுப்போனவர்களுக்கு இன்னொரு நாளும் வைப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்குப் புழு மாத்திரை மூன்று மாதத்துக்குப் பிறகு, செவிலியர் கையால்தான்; நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, கடைசி மூன்று மாதத்தில், தாயிடமிருந்து இரும்பை எடுத்துச் சேமித்துக்கொள்கிறது. விதைநெல் சேமிக்கிற மாதிரி. பிறந்த பிறகு ஆறு மாதம் அந்தச் சேமிப்பில் ஓடும். தாயிடமே இல்லையென்றால் பிள்ளை எதைச் சேமிக்கும்? அது மூன்று, நான்கு மாதத்திலேயே வெளுக்க ஆரம்பித்துவிடும். சுணங்கிக் கிடக்கும், பால் சரியாகக் குடிக்காது, அடிக்கடி சளி பிடிக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை மண்ணைத் தின்னும், சாம்பலைத் தின்னும், சுவரைச் சுரண்டித் தின்னும். அடிக்காதீர்கள். அது சேட்டை அல்ல, சோகையாக இருக்கலாம்.

"எங்க வீட்ல கறவை மாடு இருக்குங்க, பிள்ளைக்குப் பாலுக்குப் பஞ்சமில்லை, சோகை எப்படி வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. பால் நல்ல உணவுதான், ஆனால் பசும்பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். பாலாகவே கொடுத்து வயிற்றை நிரப்பினால் பிள்ளை கொழுகொழு என்று இருக்கும், ரத்தம் இருக்காது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம், மசித்த கீரை, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவை வாங்குங்கள். ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை, ஒரு மில்லி வீதம், இரும்புச் சத்து டானிக்கும் உண்டு.

அங்கன்வாடி ஊர்ப் பக்கம் இருக்கிறது, காலனிப் பிள்ளைகள் வருவதில்லை என்றால், ஏன் வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவர்கள் விசாரியுங்கள். தூரமா? நடுவில் வாய்க்காலா? இல்லை, வந்த பிள்ளையைத் தனியே உட்கார வைக்கிறார்களா? கடைசியாகச் சொன்னது இருந்தால் அது சட்டப்படி குற்றம். பசிக்கிற பிள்ளைக்கு அது புரியாது. மறுநாள் வர மாட்டேன் என்று அழும், அவ்வளவுதான்.

கைப்பிள்ளைக்காரி நடவுக்கு வந்தால் பிள்ளையை மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு இறங்குவாள். அல்லது வீட்டில் ஏழு வயது அக்காவிடம் விட்டுவிட்டு வருவாள். அந்த அக்காவின் பள்ளிக்கூடமும் போச்சு. 2005-ஆம் ஆண்டில் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் ஐந்து பேர் வேலையிடத்தில் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நம் வயலில் அதைச் செய்ய எந்தச் சட்டமும் தேவையில்லை. நடவு நாலு நாள் நடக்கிறதென்றால், நட முடியாத ஒரு வயதான அம்மாளைக் கொட்டகையில் உட்கார வைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாய் கரையேறிப் பால் கொடுத்துவிட்டு வந்தால் நடவு ஒன்றும் கெட்டுவிடாது.

இனி, இதிலே உயிர் எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரசவத்தில் எல்லாப் பெண்களுக்கும் ரத்தம் போகும். அரை லிட்டர் வரை போவதை நல்ல உடம்புக்காரி தாங்கிக்கொள்வாள். அதே அரை லிட்டர், ஏழு கிராமும் எட்டு கிராமும் வைத்திருக்கிற பெண்ணுக்குப் போனால் தாங்காது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே மயங்கிவிடுவாள். 108 வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடலாம். ரத்தம் குறைவாக உள்ள பெண் என்று தெரிந்தால், ரத்தம் ஏற்றுகிற வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் பிரசவம் என்று ஏழாம் மாதத்திலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். வலி வந்த பிறகு எந்த ஆஸ்பத்திரி என்று கூட்டம் போட்டுப் பேசக் கூடாது.

அங்கே போனால் ரத்தம் வேண்டும் என்பார்கள். சில இடங்களில் சொந்தக்காரர்கள் நழுவிவிடுகிறார்கள். மீசை வைத்த ஆள் ஊசியைக் கண்டதும் டீ குடிக்கப் போய்விடுகிறான்! 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குமேல் எடை உள்ள, நோய் நொடி இல்லாத ஆண் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தாராளமாக ரத்தம் கொடுக்கலாம். எடுப்பது 350 மில்லிதான். மறுநாளே வயல் வேலைக்குப் போகலாம். உங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள் யார் யாருக்கு எந்த ரத்தவகை என்று எழுதி, செவிலியரிடம் ஒரு தாளும், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒரு தாளும் ஒட்டி வையுங்கள்.

முடிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. அன்னபேதி என்று ஆரம்பத்தில் சொன்னேன். மாத்திரையிலும் அதே ஜாதி உப்புதான் இருக்கிறது. அதற்காக உரக்கடை அன்னபேதியை யாரும் வாயில் போட்டுவிடாதீர்கள். அது பயிருக்கு; சுத்தம் செய்யாத சரக்கு.

இரண்டாவது, சிவப்பு மாத்திரை இனிப்புப் பூச்சு பூசி, மிட்டாய் மாதிரி இருக்கும். பெரியவர்களுக்கு மருந்து, சின்னப் பிள்ளை ஒரு கை அள்ளித் தின்றுவிட்டால் விஷம், உயிருக்கே ஆபத்து. அப்படித் தின்றது தெரிந்தால், வாந்தி எடுக்கிறதா பார்ப்போம் என்று காத்திராமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாத்திரையைப் பரணிலோ, பூட்டுகிற பெட்டியிலோ, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஆனால் அம்மாவுக்குத் தினம் இரவு ஞாபகம் வருகிற இடமாக இருக்கட்டும். சாமி படத்துக்குப் பின்னால் உயரத்தில் வைத்து, விளக்கு வைக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு, சாப்பிட்டதும் போட்டுக்கொள்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல யோசனைதான்.